புளித்தண்ணீரில் நனைத்த துணி

முதல் துணியை எடுத்து முகர்ந்தாள். வாசம் இல்லை.

இருக்கவும் கூடாது. அது சுண்ணாம்புத் தண்ணீரில் நனைத்தது. வெங்காய வாசம் ஏறிய துணியைக் காரத்தில் போட்டால் வாசம் போய்விடும். பத்தாம் வகுப்புப் பாடம்.

"வாசம் போயிருச்சுன்னா அது காரம். எழுதிக்கங்க," என்றாள் கைப்பேசியைப் பார்த்து.

கைப்பேசி ஒரு அரிசி டப்பாவில் சாய்ந்து நின்றது. படுக்கையறைதான் இப்போது ஆய்வகம். கட்டில்மேல் ஒரு பலகை, பலகைமேல் இரண்டு கிண்ணங்கள், ஒரு கை நறுக்கிய சின்ன வெங்காயம், பழைய வேட்டியில் கிழித்த துணிகள். அமிலத்துக்குப் புளி. காரத்துக்கு வெற்றிலைச் சுண்ணாம்பு. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

இரண்டாவது துணியை எடுத்தாள். புளித்தண்ணீரில் கிடந்தது. இதில் வெங்காய வாசம் அப்படியே இருக்கும்.

முகர்ந்தாள்.

இதிலும் இல்லை.

துணியை மாற்றி எடுத்துவிட்டோம் என்று நினைத்தாள். குப்பியை மாற்றி எடுக்காத அறிவியல் டீச்சர் எந்த ஊரில் இருக்கிறாள்? கிண்ணத்தைப் பார்த்தாள். மாறவில்லை. துணியில் புளிச் சக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சர், எனக்கு வருது," என்றாள் பர்வீன். சொன்னதையெல்லாம் வீட்டிலும் செய்து பார்க்கிற பெண். "புளித்தண்ணில போட்டதுல நல்லா வெங்காய வாசம். அம்மா திட்டுறாங்க."

"எனக்கும் வருது டீச்சர்," என்றான் சகாயராஜ்.

"ஆமா," என்றாள். "வரும்."

சோதனை தப்பாக வந்தால் முதலில் கருவியைச் சந்தேகப்படு. வருஷா வருஷம் அவள் சொல்லிக் கொடுப்பதுதான்.

இங்கே கருவி அவளுடைய மூக்கு.

வெங்காயத்தை விரலால் நசுக்கி மூக்கருகே பிடித்தாள். கண் எரிந்தது. தண்ணீர் வழிந்தது. சளி இல்லை, அடைப்பு இல்லை, காற்று தாராளமாகப் போய் வந்தது.

வாசம் மட்டும் இல்லை.

"டீச்சர் அழுறாங்கடி," என்று யாரோ ஒருத்தி ரகசியம் பேசுவதாக நினைத்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"வெங்காயம்," என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம். அவள் கணவர் சாம்பாரைச் சுட வைத்துக்கொண்டிருந்தார்.

போன வருஷம் அவருக்குச் சிறுநீரகம் மாற்றினார்கள். இவளுடையதைத்தான் எடுத்து வைத்தார்கள். அதை வேற்றாள் என்று அவர் உடம்பு தள்ளிவிடாமல் இருக்க தினமும் மாத்திரை. அந்த மாத்திரை எந்தக் கிருமியையும் எதிர்க்க முடியாதபடி அவரை ஆக்கி வைத்திருந்தது. ஒரு சாதாரணக் காய்ச்சல்கூட வரக் கூடாது என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

கொரோனா வந்தபிறகு பால்காரர் வாசலோடு சரி. சொந்தத் தம்பி வந்து நின்றபோதும் அவள் ஜன்னல் வழியாகவே பேசி அனுப்பினாள். ஊர் என்ன சொன்னால் என்ன.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் பாடப்புத்தகம் கொடுத்தார்கள். அதற்கு மட்டும் போய் வந்தாள்.

பயத்துக்கு முன்னால் கோபம் வந்தது. தன்மேல்தான்.

காலையில் காபியில் வெங்காய வாசம் அடிக்கிறது என்றார் அவர். ராத்திரி முழுக்க வெங்காயமும் துணியும் ஃப்ரிட்ஜில் பாலுக்குப் பக்கத்தில் இருந்தன.

"நீ பாடம் நடத்துறியா, சாம்பார் வைக்கிறியா?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றாள். அவர் இவள் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"இதுலயும்தான் அடிக்குது. உனக்கு மூக்கே இல்ல," என்று சிரித்தார்.

அவளும் சிரித்தாள்.

இப்போது எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். சத்தம் வராமல் போட்டாள். ஜன்னலை அகலத் திறந்து வைத்தாள்.

"டீச்சர், டைம் ஆயிருச்சு. அடுத்து தமிழய்யா கிளாஸ்," என்றாள் பர்வீன்.

"சரி. போங்க."

பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையைவிட்டுப் போயின. பர்வீன் கடைசியாகக் கையாட்டிவிட்டுப் போனாள்.

கதவு தட்டும் சத்தம்.

"இன்னும் முடியலையா? எதுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்க?"

சொல்லத்தான் வேண்டும். சொன்னால் கதவை உடைத்துக்கொண்டாவது உள்ளே வருவார். தனக்கு வெட்டிக் கொடுத்தவளுக்கு ஒன்று என்றால் எட்டி நிற்கிற மனுஷன் இல்லை அவர். அதற்குத்தான் அவள் பயந்தாள். மருத்துவரிடம் பேச வேண்டும். தம்பியைக் கூப்பிட்டு இவரை வேறு வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் இவர் கதவைவிட்டு நகர வேண்டும்.

"கிளாஸ் நடக்குதுங்க," என்றாள். "நீங்க சாப்பிடுங்க."

"நீ வா. சேந்து சாப்பிடலாம்."

கதவுக்கு அடியில் அவர் நிழல் அப்படியே நின்றது.

திரையில் அவள் முகம் மட்டும் இருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கடைசி பெஞ்சுவரை கேட்கிற குரலில் அடுத்த பாடத்தை ஆரம்பித்தாள்.