பருந்து பார்க்க ஒரு பைனாகுலர்

"பருந்து பாக்குறதுக்கு எது நல்லா இருக்கும், பாய்?"

கேட்ட ஆளை நூர்தீன் நிமிர்ந்து பார்த்தார். மீசை மழித்த முகம். கண்ணுக்குக் கீழே கருவளையம். பாடாங் மேஹா தோட்டத்துப் பரஞ்சோதி.

லூனாஸ் ஊரில் இப்போது அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. போன வாரம் மலையில் பெய்த மழையில் ஆறு ஒரேயடியாகப் பொங்கி, குளிக்கப் போன இரண்டு இளைஞர்களை அடித்துக்கொண்டு போனது. ஒருவன் பரஞ்சோதியின் ஒரே மகன் புவனேசன். மறுநாளே பாறை இடுக்கில் அவன் உடல் கிடைத்தது. சாவு வீட்டில் வைக்க அவன் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்ததே நூர்தீனின் கேமரா கடைதான்.

படத்தை வாங்க வந்த பரஞ்சோதியின் மைத்துனர் அழுதுகொண்டே திட்டித் தீர்த்தார். கூடப் போன காளிதாசன்தான் புவனேசனை ஆற்றுக்கு இழுத்துக்கொண்டு போனானாம். புவனேசனுக்கு நீச்சல்கூடத் தெரியாதாம். துக்கம் கேட்க வந்த காளிதாசனின் அம்மா தேவகியைச் சொந்தக்காரர்கள் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

கருமக்கிரியை இன்னும் முடியவில்லை. அதற்குள் இவருக்குப் பருந்து.

"யாருக்குண்ணே?" என்றார் நூர்தீன்.

"எனக்குத்தான்."

நூர்தீன் கண்ணாடி அலமாரியைத் திறந்து மூன்று பைனாகுலர்களை எடுத்து வைத்தார். பறவை பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாக வாங்குவது இதைத்தான், இறகின் நிறம்கூடத் துல்லியமாகத் தெரியும் என்றார். நிறமெல்லாம் வேண்டாம் என்றார் பரஞ்சோதி.

பத்து மடங்கு பெரிதாகக் காட்டுவதை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போனார். எதிரே கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கையைப் பார்த்தார். அது சாக்கடைப் பக்கம் இறங்கியதும் உதட்டைப் பிதுக்கினார்.

"கிட்டத் தெரியுது. ஆனா இறங்குறப்போ தப்பிப் போகுது, பாய். எங்க இறங்குதுன்னு கடைசி வரைக்கும் தெரியணும்."

அப்படியானால் எட்டு மடங்குதான் சரி, பார்க்கிற பரப்பு அகலமாக இருக்கும் என்று நூர்தீன் சொன்னார். பரஞ்சோதி அதையும் வாங்கி அடுத்தடுத்த காக்கைகளைப் பின்தொடர்ந்தார். கையில் ஆடுகிறதா, மரத்தடி இருட்டில் தெரியுமா என்று பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவரைப்போல விசாரித்தார்.

கல்லாவில் இருந்த ரஹீமா கணவரைப் பார்த்தாள். நூர்தீன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புதிதாக வாங்குகிறவர்களுக்குக் கண்ணுக்கு ஏற்றபடி திருகி வைத்துச் சொல்லிக்கொடுப்பது அவர் வழக்கம். அன்று பையில் போட்டு நீட்டினார், அவ்வளவுதான்.

"பெத்த புள்ளையப் பறிகொடுத்த மனுசன் மாதிரியா இருக்கு?" என்றாள் ரஹீமா, பரஞ்சோதி படியிறங்கியதும்.

அன்று மாலை சாப்பாட்டுக் கடையில் நூர்தீனே இந்தக் கதையை எடுத்துவிட்டார். அதன் பிறகு ஆளுக்கொன்று சொன்னார்கள். பரஞ்சோதி வேலைக்குப் போவதில்லையாம். விடிந்ததும் ஆற்றுக்கு மேலே உள்ள பாறையில் ஏறி உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம். வீட்டில் அவர் மனைவி மகன் படத்துக்கு முன்னால் தனியாகக் கிடக்கிறாளாம். பாவம், மூளை கலங்கிவிட்டது என்றார்கள் சிலர். மற்றவர்கள் சிரித்தார்கள். நூர்தீனும் சிரித்தார்.

இரண்டொரு நாளில் பரஞ்சோதி மறுபடியும் கடைக்கு வந்தார். சட்டை முள்ளில் கிழிந்திருந்தது. காலில் அட்டை கடித்த ரத்தம் காய்ந்திருந்தது.

"மழைல நனைஞ்சு உள்ள மங்கிப் போச்சு. கொஞ்சம் தொடைச்சுக் குடுங்க லா. சீக்கிரம் போகணும்."

நூர்தீன் துணியை எடுத்தார். மனசு கேட்கவில்லை.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. வீட்ல அக்கா தனியா அழுதுகிட்டு இருக்காங்களாம். இந்த நேரத்துல பருந்து பாத்துத்தான் ஆகணுமா?"

பரஞ்சோதி கோபப்படவில்லை. வெளியே மேகத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"ஆத்தோரக் காட்டுல அதுங்க கூட்டமா எங்க இறங்குதுன்னு பாக்குறேன், பாய். இறங்குன எடத்துக்குப் போய்ப் பாத்துட்டு வர்றேன். நேத்து ஒரு காட்டுப் பன்னி செத்துக் கெடந்துச்சு. இன்னைக்குக் காலைல நாய்."

நூர்தீனின் கை நின்றுவிட்டது.

"பொம்பா மீட்புப் படைக்காரங்களும் எத்தன நாளைக்குத் தேடுவாங்க," என்றார் பரஞ்சோதி. "ஆத்துல தண்ணி கூடிப் போச்சுன்னு நிறுத்திட்டாங்க. வேற வழி தெரியல."

நூர்தீன் துணியைக் கீழே வைத்தார். இந்த மனிதர் கலங்கித்தான் போயிருக்கிறார், மகனை எரித்ததையே மறந்துவிட்டார் என்று பயந்தார். மெதுவாக அவர் கையைப் பிடித்தார்.

"அண்ணே, புவனேசன்தான் கெடைச்சிட்டானே. நீங்கதானே கொள்ளி வச்சீங்க."

"எம் மகனுக்கு நான் வச்சிட்டேன், பாய். காளிதாசனோட அம்மா இன்னும் ஆத்தங்கரையிலதான் ஒக்காந்திருக்கா."