பெரட்டுக்கு நேரமாச்சு

"டேய் செல்லையா, காலைக் கீழ வைக்காத. படுடா."

வார்டே திரும்பிப் பார்த்தது. கட்டிலில் கிடந்தவர் கிழவர். அதட்டியது அவர் மனைவி பொன்னாயி.

பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணையிருந்த பாப்பம்மாள், நர்ஸ் யூனிஸிடம் முணுமுணுத்தாள்.

"ஏனுங்க சிஸ்டர், கட்டின புருஷனைப் போயி பேர் சொல்லி டேய்ங்கறா. இவ எல்லாம் பொம்பளையாங்க?"

யூனிஸுக்கு அதைவிடப் பெரிய கவலை. கிழவருக்கு இடுப்பு எலும்பில் நேற்றுத்தான் ஆபரேஷன். இறங்கி நின்றால் எல்லாம் வீண்.

அதற்கு முன்பே அவருக்கு மறதிதான். சிலோனை விட்டுக் கோத்தகிரி எஸ்டேட்டுக்கு வந்து எவ்வளவோ நாளாகியும், "இது எந்த ஊர்?" என்று டாக்டர் கேட்டதற்கு, "கண்டி" என்றவர். "ஆபரேஷனுக்கு அப்புறம் இன்னும் குழம்புவார். கொஞ்ச நாளில் தெளிஞ்சிடும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பெரட்டு... பெரட்டு..." கிழவர் மறுபடி எழப் பார்த்தார்.

"காலையிலிருந்து இதே பாட்டு. பிரட்டிப் படுக்க வெச்சா இன்னும் கத்தறார். கையைக் கட்டிடறேன்மா" என்று யூனிஸ் துணியை எடுத்தாள்.

பொன்னாயி குறுக்கே நின்றாள். "விடமாட்டேன் மிஸ்ஸி. வேணும்னா என்னையக் கட்டிப் போடுங்க."

"எலும்பு விலகினா யார் பொறுப்பு?"

"நான் பொறுப்பு. அவரு பெரட்டிப் போடச் சொல்லல. தோட்டத்துல விடிகாலையில கங்காணி பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் எடுப்பாரே, அதுக்குப் பேருதான் பெரட்டு. பிந்திப் போனா அன்னைக்கு வேலையும் இல்ல, கூலியும் இல்ல. அந்த நெனப்புல ஓடுறவரைக் கயித்தால நிறுத்திருவீங்களா?"

சொல்லிவிட்டு இடுப்பில் கை வைத்தாள். குரல் ஆண்பிள்ளைக் குரலாகத் தடித்தது.

"டேய் செல்லையா, பெரட்டு கலைஞ்சாச்சு. உனக்குப் பேர் போட்டாச்சு. போய்ப் படுடா."

கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். "சரிங்க கங்காணி." சாய்ந்து படுத்தார்.

யூனிஸ் துணியைச் சுருட்டி வைத்துவிட்டாள். பாப்பம்மாள் விடவில்லை.

"அதுக்குன்னு இத்தனை பேர் முன்னாலயா? கேக்கற எங்களுக்கே கூசுதுங்க."

"கூசுறவங்க காதைப் பொத்திக்கிடுங்க" என்றாள் பொன்னாயி.

அவர் எழப் பார்க்கும்போதெல்லாம் வார்டில் கங்காணி குரல் கேட்டது. போகப்போக அதற்குத் தேவை குறைந்தது. ஒரு நாள் காலையில் கிழவர் கண்ணைத் திறந்து, "பொன்னாயி, கொஞ்சம் தேத்தண்ணி தாயேன்" என்றார்.

அன்றைக்கு ஊட்டியிலிருந்து பெரிய டாக்டர் வந்தார். கட்டிலருகே நின்று பொன்னாயியைப் பார்த்தார்.

"இவர் பேர் என்னம்மா?"

பொன்னாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"வீட்டுக்காரர் பேரை நான் எப்படிங்கய்யா சொல்றது? அவருக்குத்தான் தெளிஞ்சிருச்சே, அவரையே கேளுங்க."