மிச்சமிருக்கும் சார்ஜ்

காளிகாட் பக்கம் ஊர்வலத்துக்காகச் சாலையை அடைத்திருக்கிறார்கள். மே மாத நண்பகல் வெயிலில் தாரிணியின் மின்சார கார் பேருந்துகளுக்கு நடுவே அசையாமல் நிற்கிறது. பின்னிருக்கையில் கணவன் முகிலனின் மடியில் அவர்களுடைய கைக்குழந்தை காய்ச்சலில் அனத்துகிறது. திரையில் பேட்டரி மூன்று சதவீதம் என்று சிவப்பாக எரிகிறது. வெக்கை ஏற ஏற ஏசி தானாகவே காற்றைக் கூட்டிக்கொள்கிறது. அந்த இரைச்சல், மிச்சமிருக்கும் சார்ஜை உறிஞ்சிக் குடிப்பதுபோல் தாரிணிக்குக் கேட்கிறது. "ஏசிய ஆஃப் பண்ணு. இல்லேன்னா ஆஸ்பத்திரி வரைக்கும் வண்டி போகாது" என்கிறான் முகிலன். அவள் ஏசியின் 'ஆட்டோ' முறையை எடுத்துவிட்டு அதை நிறுத்துகிறாள். கண்ணாடியை இறக்கியதும் டீசல் புகையோடு அனல் வந்து முகத்தில் அறைகிறது. ஸ்டியரிங்கில் விரல்கள் வழுக்குகின்றன. குழந்தையின் அனத்தல் மெலிந்து மெலிந்து நின்றுபோகிறது.

"தூங்கறாளா?" திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் கேட்கிறாள். முகிலன் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்திருப்பது மேலே உள்ள கண்ணாடியில் தெரிகிறது. "மூச்சு இருக்கு. ஆனா கண்ணத் திறக்க மாட்டேங்கறா." தாரிணி கதவைத் திறந்து இறங்குகிறாள். "குடு அவள." "வண்டி?" "கெடக்கட்டும்!" பேருந்துகளின் இடுக்கில் "ஷோருன், ஷோருன்!" என்று வழி கேட்டுக் கத்திக்கொண்டே ஓடுகிறாள். ஆட்கள் விலகுகிறார்கள். மார்போடு அணைத்த குழந்தை சட்டென்று வீறிட்டு அழுகிறது. அழட்டும், நிறுத்தாமல் அழட்டும் என்று வேண்டிக்கொண்டே ஓடுகிறாள்.