குண்டூசியில் முடியும் தெரு

மாலை வெயிலில் தையல்காரியின் வெட்டுமேசை மஞ்சளாகக் கிடக்கிறது. அதன்மேல் இன்று துணி இல்லை, வெள்ளைத் தாள் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே நீளும் தெருவை அவள் எத்தனை முறை வரைந்தாலும் அது சுவரில் தொங்கும் பாயைப் போல நெட்டுக்குத்தாக நின்றுவிடுகிறது. இரண்டு ஓரமும் கடைசிவரை ஒரே அகலத்தில் ஓடவேண்டும் என்பது அவள் கையில் ஊறிய பழக்கம். தையல் கோடுகள் நெருங்கினால் சட்டை பாழ். இதுவும் சரிவராவிட்டால் இனி பென்சிலைத் தொடுவதில்லை என்று கணவரிடம் சொல்லியிருக்கிறாள். "இன்னைக்காவது தெரு படுக்குமா, இல்ல நின்னுக்கிட்டேதானா?" என்கிறார் அவர், வெங்காயம் உரித்தபடி. அவள் தெருக்கோடியில் தன் கண் மட்டம் படும் இடத்தைத் தாளில் குறித்து, அங்கே ஒரு குண்டூசியைக் குத்துகிறாள். அதில் நூலை முடிந்து இழுத்துப் பிடித்து, தெருவோரம், கூரை விளிம்பு, ஜன்னல் வரிசை என ஒவ்வொன்றுக்கும் நூலை ஒட்டியே கோடு போடுகிறாள். கோடுகள் நெருங்க நெருங்கக் கை கூசுகிறது; ஆனாலும் விடவில்லை. எல்லாம் ஊசியில் வந்து சேர்கின்றன. ஊசியைப் பிடுங்கியதும் தெரு நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொள்கிறது. கணவர் வந்து பார்க்கிறார். பிறகு கழுத்தை ஒருபக்கம் சாய்த்து, "அந்தக் கோடி வீட்டுக்கு அப்புறம் என்ன இருக்கு?" என்கிறார். "நடந்து போய்ப் பாருங்க," என்று அவள் நூலைச் சுருட்டுகிறாள்.