தொண்ணூற்றாறு புள்ளிகள்

"அண்ணா, இதே மாதிரி லைட்டு என் காருக்கும் பண்ணிக் குடுப்பீங்களா?"

மஞ்சுநாத் நீட்டிய போட்டோவைப் பார்த்ததும் ரெமிஜியஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளை ஜென் கார். பின்னால் இரண்டு பக்கமும் வட்ட வட்டமாகச் சிவப்பு எல்.இ.டி. விளக்குகள். போன மாதம் இதே லிங்கராஜபுரம் பட்டறையிலிருந்து போன கார்தான்.

"இது யார் பண்ணதுன்னு தெரியுமா சார்?" என்று பெருமையாகக் கேட்டார்.

"தெரியாம என்ன அண்ணா? நம்ம ஆபீஸ் ஹரிஷ்தான். வீட்லயே உக்காந்து மூணு வாரம் கஷ்டப்பட்டானாம். நெட்ல கார்ப் பிரியருங்க பேசறதுக்குன்னு ஒரு எடம் இருக்கு. அதுல போட்டோ போட்டு, எப்படிப் பண்ணேன்னு பெரிய கதையே எழுதிட்டான். எல்லாரும் சூப்பர் சூப்பர்ங்கறாங்க. எனக்கும் ஒண்ணு பண்ணுடான்னா, டைம் இல்லன்னுட்டான்."

ரெமிஜியஸின் சிரிப்பு அப்படியே நின்றது. ஆர்டரை எழுதிக்கொண்டு மஞ்சுநாத்தை அனுப்பிவைத்தார்.

பதினாறு வருஷமாக ஹாரனும் வைப்பரும் ரிப்பேர் பார்த்துவருகிறவர். 'நல்லா இருக்கு' என்று அவரிடம் யாரும் நின்று சொல்லிவிட்டுப் போனதில்லை. இப்போதுதான் ஊரே மெச்சும்படி ஒன்று அமைந்தது. அதையும் ஒருத்தன் சுருட்டிக்கொண்டு போய்விட்டானே!

வீட்டில் மனைவி மரகதத்திடம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்.

"என் வேலையைத் தன் வேலைன்னு சொல்லிக்கிறான். வெக்கமா இருக்காது?"

"விடுங்க," என்றாள் அவள், குனிந்த தலை நிமிராமல்.

விட முடியவில்லை. மூன்று நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் ஹரிஷே வந்து நின்றான்.

"அண்ணா, இண்டிகேட்டர் போட்டா கடகடன்னு அடிச்சுக்குது. பின்னால வர்றவன் பயந்துடறான்."

எல்.இ.டி. இழுக்கும் கரண்ட் ரொம்பக் கம்மி. பல்பு ஃபியூஸ் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, விளக்கை மினுக்கும் பிளாஷர் படபடக்கும். வயரில் ஒரு ரெசிஸ்டர் சேர்த்தால் சரியாகிவிடும். பத்து நிமிஷ வேலை.

ரெமிஜியஸ் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"நீங்களே பண்ணதுதானே சார்? நீங்களே சரி பண்ணிக்குங்க."

ஹரிஷின் முகம் செத்துப்போயிற்று.

ரெமிஜியஸ் எழுந்து போய் விளக்கைக் கழற்றி, போர்டைத் திருப்பிப் பார்த்தார். கறுப்பு மார்க்கரில் அவர் எழுதியிருந்த 'ரெமி'யைக் காணோம்.

"என் பேர் எங்க சார்?"

"போட்டோ எடுக்கறப்போ... தின்னர் போட்டு அழிச்சிட்டேன் அண்ணா."

வந்ததே கோபம்!

"ரெண்டு பக்கமும் சேத்துத் தொண்ணூத்தாறு எல்.இ.டி. சார்! ஒவ்வொண்ணுக்கும் ஈயத்தை உருக்கிப் புள்ளி புள்ளியா சால்டர் வெக்கணும். முதுகு வளையணும், புகையில கண்ணு எரியணும், விரல் சுடணும். கொஞ்சம் சூடு ஜாஸ்தியாப் போச்சுன்னா எல்.இ.டி. செத்துடும். இவ்வளவும் ஒருத்தர் படுவாங்க, நீங்க நோகாம பேர் வாங்கிக்குவீங்களா? செஞ்சவங்க பேரைச் சொன்னா வாயில முத்தா கொட்டிடும்?"

பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"தப்புதான் அண்ணா," என்றான் ஹரிஷ். "நீயே பண்ணியான்னு ஆபீஸ்ல கேட்டாங்க. ஆமான்னு வாய்ல வந்துடுச்சு. அப்புறம் அதையே இழுத்துக்கிட்டுப் போயிட்டேன்."

சொன்னவன் சும்மா நிற்கவில்லை. எதிரே இருந்த பிரௌசிங் சென்டருக்குள் போனான். அரை மணி கழித்து, நெட்டில் புதிதாகப் போட்டதை அச்செடுத்த காகிதத்தோடு வந்தான். அதே போட்டோ. அதன் கீழே இங்கிலீஷில் நாலு வரி. 'இதை நான் செய்யவில்லை. பொய் சொன்னதற்கு மன்னியுங்கள். முழுக்க முழுக்கச் செய்தவர், லிங்கராஜபுரம் ரெமிஜியஸ்.'

ரெமிஜியஸ் எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார். கோபம் போன இடம் தெரியவில்லை. ரெசிஸ்டரைப் போட்டு, டீயும் வாங்கிக் கொடுத்துத்தான் ஹரிஷை அனுப்பினார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே காகிதத்தை ஆட்டினார்.

"பாத்தியா மரகதம்? செஞ்சவங்க பேரை மறைக்கறது எவ்வளவு பெரிய தப்புன்னு உறைக்கற மாதிரி கேட்டேன். என் பேரைப் போட்டுட்டான்!"

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மரகதம் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் டெலிபோன் தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் சால்டர் வைத்தவள். படித்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு சூடாக இருந்த சால்டரிங் அயர்னை எடுத்து, மடியிலிருந்த போர்டில் கடைசிப் புள்ளியை வைத்து ஊதி ஆற்றினாள்.

"நல்லாக் கேட்டீங்க," என்றவள் போர்டைத் திருப்பி, மார்க்கரையும் சேர்த்து அவரிடம் நீட்டினாள். "இந்தாங்க, மஞ்சுநாத் சார் காருக்கும் முடிச்சிட்டேன். உங்க பேரை எழுதிடுங்க."