லக்னோ சம்பந்தம்

பீவிக்குத் தொண்டையில் ஒரு குறையும் கிடையாது. இருந்தாலும் பம்பாய் செம்பூரில் அந்தப் பெண் வீட்டுப் படியேறும்போது, எரிக்கிற மே மாத வெயிலில், கணவர் மன்சூர் அலி அவள் கழுத்தில் மப்ளரைச் சுற்றிவிட்டார்.

"ஏளா, உனக்குத் தொண்டை கட்டிக்கிட்டுன்னு நான் சொல்லிக்கிடுதேன். நீ வாயத் தொறந்தா மேலப்பாளையம்லா வெளிய வந்து விழும்."

பீவி மகனைப் பார்த்தாள். தாஹிர் சட்டைக் காலரைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தான். இதுவரை வந்த பெண் போட்டோக்களில் இந்த ஜோயாவின் போட்டோவை மட்டும்தான் அவன் போனிலிருந்து அழிக்கவில்லை. அது தெரிந்துதான் அவள் மப்ளரைப் பொறுத்துக்கொண்டாள்.

தமிழ்நாட்டு மேலப்பாளையத்திலிருந்து வந்த மன்சூருக்கு தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை. பை வாங்க வருகிறவர்கள் எல்லாம் "சேட், சேட்" என்று குழைவார்கள். ஆனால் குர்லாவில் ஓர் உருதுக் குடும்பம் "மதராசியா?" என்று கேட்டு, ஒரு டீயோடு சம்பந்தப் பேச்சை முடித்துக்கொண்டது.

அன்றைக்குப் பிடித்த வீம்பு, மருமகள் வந்தால் உருது வீட்டிலிருந்துதான் என்று. தரகர் மெஹராஜ் தமிழ் வீட்டு வரன்களைக் கொண்டுவந்தபோதெல்லாம், தாராவியில் தடுக்கி விழுந்தால் மேலப்பாளையம், அதற்கு நீ எதற்கு என்று திருப்பி அனுப்பினார்.

கடைசியில் மெஹராஜ் இந்த இடத்தைச் சொன்னாள். பெண்ணின் தகப்பனார் முகம்மது ஹனீப், பூர்வீகம் லக்னோ, நாக்கில் உருது சொட்டும், உருது தெரியாத வீட்டில் கை நனைக்கமாட்டார். மன்சூர் கொஞ்சமும் யோசிக்காமல், நாங்கள் ஐதராபாத் என்று சொல்லிவிடு என்றார்.

அவருக்கு வந்ததோ பம்பாய் இந்தி. அதில் தோல் வாங்கலாம், டாக்ஸிக்காரனைத் திட்டலாம், சம்பந்தம் பேச முடியாது. அதனால் பட்டறையில் உட்கார்ந்து போனில் உருதுப் பாடமாகப் பார்த்துத் தள்ளினார். அதில் அவருக்கு ஒரு குறுக்குவழி கிடைத்தது. வாக்கியம் வராத இடத்தில் ஏதாவது ஒரு சொல்லை எடுத்து, அது எந்த தேசத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிட வேண்டும். கேட்பவர் அசந்துபோய் அடுத்த கேள்வி கேட்கமாட்டார்.

ஷெர்வானியில் புழுங்கிக்கொண்டே ஹனீப், "தஷ்ரீஃப் ரக்கியே" என்று வரவேற்றார். சுவரில் லக்னோ இமாம்பாடாவின் படம் பெரிதாகத் தொங்கியது. எங்கள் வீட்டில் பெண்கள் முன்னறைக்கு வரும் வழக்கமில்லை என்று சொல்லி, பீவியைத் திரைக்குப் பின்னால் அனுப்பிவைத்தார்.

மன்சூருக்குப் பாதி உயிர் அங்கேயே போய்விட்டது. கண்ணெதிரே இருந்தால் முறைத்தாவது அடக்கலாம், திரைக்கு அந்தப் பக்கம் போனவளை என்ன செய்ய? மப்ளர் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு, குர்சி என்பது அரபுச் சொல் என்று ஆரம்பித்தார்.

ஹனீப் விடுவாரா? எதிரே இருந்த மேஜையைக் காட்டி, மேஜ் பார்சி, அதாவது பாரசீகம் என்றார். தட்டில் இருந்த சமோசாவும் பார்சிதான் என்றார் மன்சூர். சமோசாவுக்குள் இருக்கிற கீமா துருக்கி என்றார் ஹனீப். நிக்காஹ் அரபி, ஷாதி பார்சி, பேகம் துருக்கி, மூன்றும் சேர்ந்தால்தான் குடும்பம் என்று அவர் ஒரு போடு போட்டபோது, மன்சூர் மனப்பாடம் செய்து வைத்திருந்த "வாஹ் வாஹ்"வை அங்கே செலவழித்தார்.

பிறகு பேச்சு பட்டாளத்துக்குப் போனது. உருது என்ற சொல்லே துருக்கியில் படை முகாம்தான் என்று மன்சூர் எடுத்துவிட்டார். பீரங்கிக்குச் சொல்கிற தோப், துப்பாக்கி, கத்தரிக்கோலுக்குச் சொல்கிற கைஞ்சி எல்லாம் அந்தப் படையோடு நம் பாஷைக்குள் வந்து இறங்கியவைதான் என்று ஹனீப் அடுக்கினார். எல்லாமே தெரிந்த சொல்லாக இருந்ததில் மன்சூருக்குத் தெம்பு வந்தது.

டீ ஆறிப்போயிற்று. சொல்லுக்குச் சொல் பூர்வீகம் விசாரித்தாரே தவிர, ஹனீப் இவருடைய பூர்வீகத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. லக்னோக்காரர் பண்பாடே தனி என்று மன்சூர் மெச்சிக்கொண்டார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பீவியின் சிரிப்பு. அதைத் தொடர்ந்து அவள் குரல் கடகடவென்று ஏதோ சொல்லிக்கொண்டே போனது. வார்த்தை பிடிபடவில்லை, ஆனால் ராகம் சுத்த மேலப்பாளையம்.

தாஹிர், 'அப்பாஜான்' என்று கூப்பிட வேண்டியதை மறந்து, "வாப்பா" என்றான்.

பிள்ளை முதல்முறையாக ஆசைப்பட்ட பெண், தன் வீம்பால் கைநழுவிப் போகிறாளே என்று மன்சூர் பதறினார். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று எழுந்தார். ஏனோ ஹனீபும் எழுந்து, ஷெர்வானிக் கழுத்தைத் தளர்த்தியபடி வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்.

திரை விலகியது. ஹனீபின் மனைவி வெளியே வந்தாள். அவள் கழுத்திலும் ஒரு மப்ளர் இருந்தது. அதை உருவிக் கணவர் கையில் திணித்தாள்.

"போதும்ங்க, உருத நிறுத்துங்க. அவுகளும் மேலப்பாளையம்தானாம்."