பானையின் தாகம்

மட்டப்பலகை மூன்றாவது முறை இறங்கியபோது நாயின் தோல் கிழிந்தது.

நனைந்த காகிதம் போல, சத்தமே இல்லாமல்.

கொத்தனார் ஒரு கணம் தயங்கினார். அவ்வளவு பலமாக அடித்ததாக அவருக்குத் தோன்றவில்லை. பிறகு கூடத்தின் நடுவே தேங்கிக் கிடந்த மூத்திரத்தைப் பார்த்தார். காலையிலிருந்து இது நான்காவது.

மறுபடியும் ஓங்கினார்.

“குடிக்கிறது ஒரு குடம், விடுறது ரெண்டு குடமா?”

நாய் கத்தவில்லை. சுவரோரம் ஒண்டிக்கொண்டு, மூச்சிரைக்க அவரையே பார்த்தது.

போன வருடம் வரை ஒல்லியாக, வேலியை ஒரே தாவலில் தாண்டிய நாய். இப்போது வயிறு தொங்கிவிட்டது. முதுகில் முடி இல்லை. எவ்வளவு போட்டாலும் வெறும் தட்டை நக்கிக்கொண்டு நின்றது. நேற்று அடுப்பிலிருந்த சட்டியையே இழுத்துத் தள்ளியது. பானை என்று பெயரை மாற்றியது அவர்தான்.

அடி வாங்கிய பிறகு அது தவறாமல் ஒன்று செய்யும். அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஊர்ந்து வந்து கால்களை நக்கும்.

“மன்னிப்பு கேக்குது பாரு, வெக்கங்கெட்டது” என்பார். ஆனால் நக்கி முடிக்கும்வரை விட்டுவிடுவார். சிமென்ட் தின்ற கால்கள். அரிப்புக்கு அந்த நாக்கு இதமாக இருந்தது.

மனைவி இன்னும் நாற்காலிக்கு அருகிலேயே குந்தியிருந்தாள். அவர் காலுக்குத் தடவிக்கொண்டிருந்த களிம்புக் குழாய், மூடி போடாமல் கையில் இருந்தது.

“விடுங்க. டாக்டர் ரத்தம் எடுத்திருக்காரு. இன்னைக்கு என்னன்னு சொல்லிடுவாரு.”

“சொல்லட்டும். சாயங்காலம் சாக்குல கட்டிக் கல்குவாரித் தண்ணில போட்டுட்டு வந்துடறேன். அங்க வேணுங்கிற மட்டும் குடிக்கட்டும்.”

அப்போதுதான் போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள். கால்நடை மருத்துவர்.

“ஸ்டீராய்டு ரொம்ப ஏறியிருக்கும்மா. அதான் இந்தப் பசி, தாகம், தொப்பை எல்லாம். தோலும் தாள் மாதிரி மெலிஞ்சு போச்சு, தொட்டாலே கிழியும், பாத்துக்குங்க. ஆனா அது நாயோட உடம்புல சுரக்கல. வெளியிலேருந்து போகுது. மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?”

“இல்லையே டாக்டர்.”

“வீட்ல யாராவது ஸ்டீராய்டு களிம்பு தடவுறாங்களா? நாய் அதை நக்குதா?”

அவள் கையிலிருந்த குழாயைப் பார்த்தாள். பிறகு அவர் கால்களைப் பார்த்தாள்.

பலகையின் நுனியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

“இருக்கீங்களாம்மா? பயப்படாதீங்க, சரியாயிடும். ஆனா திடீர்னு நிறுத்திடக் கூடாது, உயிருக்கே ஆபத்து. நாளைக்குக் காலைல கூட்டிட்டு வாங்க, மருந்து குடுத்துக் கொஞ்சங் கொஞ்சமாக் குறைச்சுக்கலாம். அதுவரைக்கும் எப்பவும் போல நக்கட்டும்.”

போன் அணைந்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பலகையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

சுவரோரத்திலிருந்து பானை ஊர்ந்து வந்தது. வந்த வழியெல்லாம் சிவப்பாக ஒரு கோடு.

வெதுவெதுப்பான நாக்கு கணுக்காலில் பட்டது.

காலை இழுத்துக்கொள்ளத்தான் பார்த்தார்.

பிறகு இரண்டு கைகளாலும் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார், கால் அசையாமல் இருக்க.